கலக்கும் முன் கூப்பிடுங்கள்

"அது போகாதுங்க, விட்டுடுங்க," என்றாள் அம்மா.

அப்பாவைக் குளிப்பாட்டித் தயார் செய்ய வந்தவர் கால் மணி நேரமாக அப்பாவின் வலது கட்டைவிரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நகத்தின் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு திட்டு. பஞ்சை நனைத்துத் தேய்த்தார், துணியைச் சுற்றித் தேய்த்தார், தன் நகத்தால் சுரண்டியும் பார்த்தார். திட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

"எல்லாக் கறைக்கும் கேக்கிற மருந்தும்மா இது."

"கறையா இருந்தாத்தானே கேக்கறதுக்கு? அது பசை. அவரே செஞ்சது. கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் தேச்சுப் பாத்துட்டேன். தோல் வரும், அது வராது. இத்தனை வருஷம் கூட இருந்தாச்சு, மீதி தூரமும் கூடப் போகட்டும்."

அந்த மனிதர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மகளைப் பார்த்தார். மகள் சிரித்துவிட்டாள். நேற்றுக் காலை பதினொரு மணியிலிருந்து விட்டு விட்டு அழுததற்கு நடுவில் அதுதான் முதல் சிரிப்பு. அவளுக்கு நாற்பத்தொரு வயது. தலையில் பாதி நரைத்தாகிவிட்டது. அந்த வீட்டில் அவள் பெயர் இன்னும் பாப்பாதான்.

அப்பாவைக் கிடத்தியிருந்தது டின் நிரப்பும் கூடத்தில். வீடு மாடியில், கம்பெனி கீழே, நடுவில் ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய படி. "மேலே கொண்டுபோனா திரும்ப இறக்கறதுக்குள்ள இன்னும் நாலு பேர் கூடப் போயிடுவாங்க" என்று அம்மா சொல்லிவிட்டதால், பாக்கிங் மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். சுற்றிலும் சுவர் உயரத்துக்கு டின் அடுக்கு. பெரிய டின்னில் பசை, சின்ன டின்னில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னர். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் வெறும் குழம்பு. கலந்துவிட்டால் அரை மணியில் இறுகத் தொடங்கும், மறுநாள் கல். அப்பா ஒன்றைப் பெரியவன் என்பார், மற்றதைச் சின்னவன் என்பார். "பெரியவன் ரெண்டு கிளாஸ், சின்னவன் ஒரு கிளாஸ். அவ்வளவுதான் வித்தை. மீதியெல்லாம் பொறுமை."

அந்தப் பசையை நம்பிப் பெரிய கப்பல் எதுவும் கடலில் இறங்கவில்லை. வாங்குகிறவர்கள் எல்லாம் சின்னப் படகு கட்டுகிறவர்கள். இரண்டு ஆளை வைத்துக்கொண்டு பட்டறை நடத்துகிறவர்கள் பாதி. வாத்தியார், தபால்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி என்று ஞாயிற்றுக்கிழமைப் படகுக்காரர்கள் மீதி. ஒவ்வொரு டின்னிலும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: கலக்கும் முன் கூப்பிடுங்கள். அதன் கீழே ஒரு போன் நம்பர். அந்த போன் அடித்தால் எடுப்பது அப்பா. அப்பா மட்டும்தான்.

வேறு கம்பெனியாக இருந்தால் போனில் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அப்பா வைக்கமாட்டார். கூப்பிட்டவர் அங்கே கலக்கும்போது இவரும் இங்கே தன் மேசையில், ஒரு காகிதக் கோப்பையில், அதே பசையைக் கலப்பார். அவர் குச்சியால் கிண்டினால் இவரும் கிண்டுவார். "என் கோப்பை சூடாகுது, உங்களதும் ஆகும், தடவுங்க" என்பார். வேலை முடிந்ததும் குச்சியைக் கோப்பையிலேயே நட்டுவிடுவார். மறுநாள் கட்டைவிரல் நகத்தை அதில் அழுத்திப் பார்ப்பார். பதியாவிட்டால் இறுகிவிட்டது. அங்கேயும் பதியவில்லை என்று போன் வந்த பிறகுதான் கோப்பையின்மேல் படகின் பட்டப்பெயரையும் 'ஒட்டிருச்சு' என்ற ஒரு வார்த்தையையும் எழுதி ஜன்னலில் வைப்பார். ஆபீஸ் அறையின் மூன்று ஜன்னலும் நிறைந்து, பீரோ மேலும் ஏறி, இப்போது கோப்பைகள் குளியலறை வரைக்கும் போயிருந்தன. கூப்பிடுகிறவர்களின் பெயரை அவர் கேட்டதே இல்லை. பெயரைக் கேட்டால் படகு மறந்துவிடுமாம்; படகுக்கு அவர் வைத்த பட்டப்பெயர்தான் ஆளுக்கும்.

நேற்று பதினொரு மணிக்குப் பாப்பா டீ கொண்டுபோனபோது அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். ரிசீவர் வயரில் தொங்கிக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. வலது கை மேசைமேல் கோப்பையைச் சுற்றிப் பிடித்திருந்தது. அவள் ரிசீவரை எடுத்து வைத்தாள். தூங்கிவிட்டார் போல என்று அவர் விரல்களைத் தொட்டாள். நல்ல சூடு. இரண்டு வருஷமாக அப்பாவின் கைகள் ஐஸ். ரத்த ஓட்டம் சரியில்லை என்று டாக்டரும் மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்தக் கை அன்று சூடாக இருந்ததில் பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "அம்மா, புது மாத்திரை கேக்குது. அப்பா கை இன்னிக்கு நல்லா சூடா இருக்கு. அசந்து தூங்கறாரு," என்றாள்.

அம்மா இறங்கி வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து, கோப்பையை எடுத்து மேசையின் அந்தப் பக்கம் வைத்தாள்.

"கோப்பைதான்டி சூடு," என்றாள்.

பசை இறுகும்போது வருகிற சூடு. பிறந்ததிலிருந்து அந்தச் சூட்டைக் கையில் பிடித்து வளர்ந்தவள் அதைப் போய் அப்பா என்று நினைத்துவிட்டாள். வேறு எந்த வீட்டிலும் யாரும் இப்படி ஏமாந்திருக்கமாட்டார்கள். அதை நினைத்தால் அவளுக்கு அழுகையும் வந்தது, அப்பா கேட்டிருந்தால் எப்படிச் சிரித்திருப்பார் என்று சிரிப்பும் வந்தது.

ஆனால் அந்தக் கோப்பை வேறொன்றையும் சொன்னது. கோப்பை இருந்தால் கூப்பிட்டவர் ஒருவர் இருக்கவேண்டும். அப்பாவின் நோட்டில் கடைசி வரி: மேசை, இடது விளிம்பு.

மேசை என்பது ஓர் அம்மாள். சாப்பாட்டு மேசையின்மேல் படகு கட்டுகிறவர். நாலு மாதமாக அவரும் கணவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். விளிம்பு என்பது படகின் மேல்விளிம்பில் நீளமாக வளைத்து ஒட்டுகிற கட்டை. இரண்டு பக்கமும் ஒட்டினால்தான் படகு நேராக நிற்கும். ஒரு பக்கத்தை ஒட்டிவிட்டு மறுபக்கத்தைக் கோட்டை விட்டால் படகு கோணிக்கொண்டு போய்விடும், பிறகு நிமிர்த்தவே முடியாது. அப்பா அந்த அம்மாளை இடது பக்கத்தின் நடுவில் விட்டுவிட்டுப் போயிருந்தார். யாரையும் அப்படி விட்டுப் போகிற ஆள் இல்லை அவர்.

நேற்று அதற்குப் பிறகு போன் விடாமல் அடித்தது. வீடு இருந்த நிலையில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மத்தியானம் அண்ணன் வந்து வயரைப் பிடுங்கிவிட்டான்.

"சாவு வீட்டுல போன் அடிச்சிக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கு?"

"மேசையா இருக்கும் அண்ணா. பாதியில நிக்குது அவங்களுக்கு."

"எப்படியாவது முடிச்சிருப்பாங்க பாப்பா. படகுதானே, ஆபரேஷனா?"

அண்ணன் கெட்டவனில்லை. ஊர் ஊராகப் போய் டின் விற்கிறவன் அவன்தான். ஆறு மாதமாக அவன் தலையில் ஒரு யோசனை: போனில் பதிவு செய்த குரல் ஒன்றைப் போட்டுவிடலாம், அளவு தெரிய ஒன்றை அழுத்தவும், காயும் நேரம் தெரிய இரண்டை அழுத்தவும். சொந்தக் குரலிலேயே பதிவும் செய்துவிட்டான். அதைக் கேட்ட அம்மா, "இந்தக் குரலைக் கேட்டா பசை பயந்து தானா இறுகிடும்டா" என்றாள். அப்பா காதிலேயே வாங்கவில்லை. இனிமேல் காதில் வாங்காமல் இருக்க அப்பா இல்லை. "அடுத்த வாரம் மாத்திடலாம். வேற யார் எடுக்கப்போறா, நீயா?" என்று அண்ணன் கேட்டான்.

அவன் குத்திக் காட்டவில்லை. ஆனாலும் குத்தியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா பல் பிடுங்கப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் போன் அடித்தது. பாப்பா எடுத்தாள். அளவு கேட்டார்கள். பெரியவன் ரெண்டு, சின்னவன் ஒண்ணு என்று சொல்லிவிட்டு வைத்தாள். கேட்டவர் சமையலறைத் தராசில் எடை போட்டுக் கலந்துவிட்டார். அது கிளாஸ் கணக்கு. சின்னவன் எடை குறைந்தவன், தராசில் வைத்தால் கூடுதலாக விழுந்துவிடுவான். கிளாஸா தராசா என்று அப்பா எல்லாரையும் முதலில் கேட்பார். பாப்பா கேட்கவில்லை. கூடவே கோப்பையும் கலக்கவில்லை. அந்த மனிதரின் படகு அடிப்பாகம் முழுக்க இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிட்டது. பூனை ஒன்று அதன்மேல் ஏறி, நாலு காலடியையும் ஒரு பிடி முடியையும் விட்டுவிட்டு ஓடியதாகக் கேள்வி. அன்றிலிருந்து போன் அடித்தாலே அவள் மாடிக்குப் போய்விடுவாள்.

இன்று மூன்று மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. வந்தவர்கள் முகத்தைவிட அவர்கள் விரல்களைத்தான் பாப்பா பார்த்தாள். முக்கால்வாசிப் பேர் நகத்தில் தேன் நிறத் திட்டு இருந்தது. துக்கம் விசாரித்த கையோடு டின் அடுக்கியிருந்த மரச்சட்டங்களின் மூட்டுகளைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு பட்டறைக்காரர் அம்மாவிடம், "என் சம்சாரத்துகிட்ட பேசினதைவிட இவர்கிட்ட பேசினதுதான் அதிகம்" என்றார். பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம், "எங்கிட்டயும் ஐயாதான் பேசுவாரு. 'பசை காயற வரைக்கும் அவனுக்கு வேலை இல்லம்மா, சாப்பிடக் கூப்பிட்டுக்க'ன்னு போன் பண்ணிச் சொல்லுவாரு" என்றார். கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மேசை அம்மாள் வந்திருக்கிறாரா என்று பாப்பா தேடிக்கொண்டே இருந்தாள். பார்த்தறியாத ஆளை எப்படித் தேடுவது என்று தெரியவில்லை. உயரமான ஒருவர் அவள் முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் தராசு," என்றார்.

பாப்பா ஓர் அடி பின்வாங்கினாள். மூன்று வருஷமாக இந்த ஆளைத்தான் அவள் கனவில் பயந்துகொண்டிருந்தாள்.

"நேத்து மத்தியானம் ரெண்டு தடவை அடிச்சேன், யாரும் எடுக்கல. மூணாவது தடவை லைனே போகல. சட்டையை மாத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன். இந்த நம்பர் எடுக்கலேன்னா அதுக்குக் காரணம் ஒண்ணுதான் இருக்க முடியும்."

"உங்க படகு..."

"ஓடுது. எல்லாத்தையும் சுரண்டி எடுத்து மறுபடி ஒட்டினோம். பதினோரு நாள். தினமும் அப்பா கூடவே இருந்தாரு, போன்ல. பூனை முடியை மட்டும் ஒரு இடத்துல ஞாபகத்துக்கு விட்டு வச்சிருக்கேன். படகுக்கே பூனைன்னுதான் பேரு."

"என்மேல கோவம் இருக்கும் உங்களுக்கு."

"இருந்துச்சு. உங்க பொண்ணு தப்பாச் சொல்லிட்டாங்கன்னு அப்பாகிட்ட சண்டை போட்டேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'அவ சொன்னது சரி, கேக்கத்தான் மறந்துட்டா. கேக்கக் கத்துக்கறதுக்குள்ள நான் நாப்பது படகைக் கெடுத்தேன். அவ கெட்டிக்காரி, பத்தோட நிறுத்திக்குவா'ன்னாரு." அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "மீதி ஒம்பதையும் முடிச்சிட்டீங்களா?"

"அப்புறம் நான் போனே எடுக்கல."

"அப்ப பாக்கி இருக்கு," என்றார் தராசு.

பாப்பா ஆபீஸ் அறைக்குப் போனாள். மேசைக்கு அடியில் குனிந்து போன் வயரைச் சுவரில் செருகினாள். நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை, பக்கத்தில் நின்றாள். ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சரி, போகலாம் என்று திரும்பியபோது அடித்தது.

"அப்பாடா, எடுத்தீங்களே ஐயா."

"ஐயா இல்லீங்க. அவர் பொண்ணு பேசறேன்."

"ஐயா எங்கம்மா? நேத்து பேசிக்கிட்டே இருந்தாரு, நடுவுல சத்தத்தையே காணோம். நான் கத்திக் கத்திப் பாத்தேன்."

திறந்திருந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. வெள்ளைத் துணி தெரிந்தது. "பக்கத்துலதான் இருக்காரு," என்றாள் பாப்பா. "படுத்திருக்காரு."

"உடம்புக்கு முடியலயா?"

"நீங்க மேசையா?"

"மேசைதாம்மா. நேத்து இடது பக்கத்தை நாங்களா முடிச்சிட்டோம். இன்னிக்கு வலது பக்கம். ஐயா எடுக்கட்டும், எடுக்கட்டும்னு காலைலேருந்து தலையால அடிச்சிக்கிறேன், இந்த மனுஷன் கேட்டாத்தானே? கலக்கிட்டாரு."

"எப்போ?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும். டப்பா சூடாகற மாதிரி இருக்கும்மா."

பாப்பா ஒரு காகிதக் கோப்பையை முன்னால் இழுத்து வைத்தாள். அதே நேரத்தில் அண்ணன் கதவருகே வந்து நின்றான். "பாப்பா, வண்டி வந்தாச்சு. எடுக்கணும், வா."

அவள் ரிசீவரைக் கையால் மூடினாள். "கலந்துட்டாங்க," என்றாள்.

அவனும் அந்த வீட்டில் பிறந்தவன்தான். அந்த வார்த்தைக்கு மேல் அங்கே கேள்வி கிடையாது. ஒரு நொடி கூடத்தைப் பார்த்தான், ஒரு நொடி போனைப் பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"அஞ்சு."

"இருபத்தஞ்சுக்குள்ள கட்டை உக்காந்தாகணும்," என்று சொல்லிவிட்டு டின்களை எடுக்கப் போனான்.

பாப்பா மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டாள். "அம்மா, கிளாஸ்ல அளந்தாரா, தராசுலயா?"

அந்தப் பக்கம் கேள்வி கைமாறியது. "கிளாஸ், கிளாஸ்" என்று தூரத்தில் ஓர் ஆண் குரல் கோபித்துக்கொண்டது.

"எத்தனை கிளாஸ்?"

"பெரியவன் நாலு, சின்னவன் ரெண்டு. நேத்து பத்தாமப் போச்சுன்னு டபுளா கலந்துட்டாரு."

"டப்பாவுல வச்சிருக்காதீங்க. குவிஞ்சு கிடந்தா சூடு ஏறிப் புகைய ஆரம்பிச்சிடும். அகலமா ஒரு தட்டு எடுத்து அதுல ஊத்துங்க."

"எந்தத் தட்டும்மா?"

"இனிமே சாப்பிடாத தட்டு."

அண்ணன் பெரியவனை இரண்டு அளவு ஊற்றினான், சின்னவனை ஓர் அளவு ஊற்றினான். பாப்பா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கோப்பையைக் கிண்டத் தொடங்கினாள். அப்பாவின் கழுத்து ஏன் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

கூடத்தில் அம்மாவுக்கும் வண்டி ஓட்டுநருக்கும் பேச்சு நடந்தது.

"இன்னும் கால் மணி ஆகும் தம்பி."

"நாலு மணின்னு சொன்னாங்களேம்மா. எல்லாரும் ரெடியாத்தானே இருக்காங்க?"

"ஒட்டிக்கிட்டு இருக்கு."

"எது?"

"படகு. பாதியில விட்டுட்டுக் கூப்பிட்டா அவரு எந்திரிச்சு வரமாட்டாரு. நீங்க உக்காந்து டீ குடிங்க."

ஓட்டுநருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அது நியாயம்தான் என்பதுபோல் தலையாட்டியதால் உட்கார்ந்துவிட்டார்.

"நடுவுலேருந்து ஆரம்பிங்க," என்றாள் பாப்பா. "கட்டையைக் கவ்விப் பிடிக்கிற முதல் கிளாம்ப் நடுவுல. அப்புறம் ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்னு முனை வரைக்கும் போங்க. ஒரே பக்கமாப் போகாதீங்க."

"இறுக்கிடவா?"

"இறுக்கிப் பிழியாதீங்க. பசைக்கும் உக்கார இடம் வேணும்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். அது அப்பாவின் வசனம். தான் அதை மனப்பாடமாக வைத்திருந்தது பாப்பாவுக்கே தெரியாது.

அதற்குள் விஷயம் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. கதவு நிறையத் தலைகள். முனையில் ஆணி அடிக்கச் சொல்லுங்க என்றார் ஒருவர். அடிக்கவே கூடாது என்றார் இன்னொருவர். தராசு திரும்பி எல்லாரையும் உஷ் என்று அடக்கினார்.

"பதிமூணு," என்றான் அண்ணன்.

"கிளாம்ப் தீந்துபோச்சும்மா," என்றது போன். "இன்னும் ஒரு முழம் இருக்கு."

"துணி மாட்டற கிளிப் இருக்கா?"

"இருக்கு, ஆனா மொட்டை மாடியில துணி காயுதே."

"துணி கீழ விழுந்தா மறுபடி துவைச்சிக்கலாம். எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

அந்த மனிதர் படியேறி ஓடுவதும் இறங்கி ஓடிவருவதும் போனில் கேட்டது. வந்ததும் மனைவியிடம் திட்டு வாங்குவதும் கேட்டது. பாப்பா இங்கே கிண்டிக்கொண்டே இருந்தாள். பசை கனத்துக்கொண்டு வந்தது, குச்சி மெதுவாகச் சுற்றியது. கோப்பையைச் சுற்றியிருந்த உள்ளங்கையில் சூடு ஏறத் தொடங்கியது.

இந்தச் சூடுதான். நேற்று அப்பாவின் விரல்களுக்கு நடுவில் இருந்தது இதுதான். அவர் போன பிறகும் அது மட்டும் கால் மணி நேரம் வேலையைத் தொடர்ந்து செய்திருக்கிறது. பாப்பாவின் கண்ணீர் ரிசீவரில் வழிந்தது. அவள் குரலை மட்டும் விட்டுவிடவில்லை.

"எனக்குச் சூடாகுது. உங்களுக்கும் ஆகும். சீக்கிரம் மாட்டுங்க."

"இருபத்திரண்டு," என்றான் அண்ணன்.

"கடைசி கிளிப் மாட்டியாச்சு," என்றது போன்.

"ஓரத்துல பசை எட்டிப் பாக்குதா?"

"பாக்குது. மணி மணியா."

"அவ்வளவுதான். இனி தொடாதீங்க. அவரையும் தொட விடாதீங்க."

கதவுப் பக்கம் யாரோ கை தட்டத் தொடங்கி, எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள். பாப்பா குச்சியைக் கோப்பையில் நட்டாள்.

"ஐயாகிட்ட ஒண்ணு சொல்லிடும்மா," என்றார் மேசை அம்மாள். "நேத்து ஒட்டின இடது பக்கத்துல நகம் வச்சுப் பாத்தேன். பதியல. அவரு அதைக் கேக்காமத் தூங்கமாட்டாரு."

"சொல்றேம்மா. நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கூப்பிடுங்க, வலது பக்கமும் நகம் வச்சுப் பாத்துட்டு."

"ஐயா எடுப்பாரா?"

"நான் எடுக்கறேன்."

அவள் கூடத்துக்கு வந்தபோது வழி விட்டார்கள். பாக்கிங் மேசையருகே போய்க் குனிந்து, ரிசீவர் வைக்கிற அதே காதில், "அப்பா, மேசை, இடது விளிம்பு. ஒட்டிருச்சு," என்றாள்.  அண்ணன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அம்மா அப்பாவின் கட்டைவிரலை ஒருமுறை தடவினாள். அந்தத் திட்டை நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.

"கேட்டாச்சு," என்றாள். "இப்ப எடுங்க."

மறுநாள் காலை பத்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதே போன் அடித்தது. வலது பக்கமும் பதியவில்லை. படகு நேராக நிற்கிறது. கணவர் கயிறு பிடித்து அளந்து பார்த்துவிட்டார், ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. இதையெல்லாம் மேசை அம்மாள் ஒரே மூச்சில் சொல்லி முடித்த பிறகு, பாப்பா சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்போ நேத்து நாங்க கூப்பிட்டப்ப..."

"ஆமாம்மா."

"எங்களுக்காக அவரை நிக்க வச்சீங்களா?"

"அவரா நின்னாரு," என்றாள் பாப்பா.

மேசை அம்மாள் அழுதுகொண்டே கணவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் மாறி மாறி ஏதோ சொன்னார்கள், பாதி விளங்கவில்லை. இன்னும் ஒரு மாதத்தில் மேசை காலியாகிவிடும், அப்போது சாப்பிட வரவேண்டும் என்றது மட்டும் விளங்கியது. வருவதாகச் சொல்லி வைத்தாள்.

அம்மா டீயோடு வந்தாள். இரண்டு கோப்பைகளிலும் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். அப்பாவுடையதில் கொஞ்சம் கூடுதல் நேரம் அழுத்தினாள்.

"ரெண்டும் பதியல," என்றாள்.

பாப்பா பேனாவை எடுத்தாள். அப்பாவின் கோப்பையில் 'மேசை, இடது விளிம்பு, ஒட்டிருச்சு' என்று எழுதினாள். தன்னுடையதில் 'மேசை, வலது விளிம்பு, ஒட்டிருச்சு' என்று எழுதினாள். ஜன்னலில் இடமில்லை. பழைய கோப்பைகளைக் கொஞ்சம் நெருக்கித் தள்ளி இரண்டையும் சேர்த்து வைத்தாள். அண்ணன் கதவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். 

போன் அடித்தது.

அவன் அடுக்கிலிருந்து ஒரு காகிதக் கோப்பையை உருவி அவள் முன்னால் வைத்தான்.